இரண்டாவது மாத்திரை

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தது. கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த விளையாட்டு அறையில் பல்லி எச்சமும் கரையானும். ஆக்கி மட்டைகளை வெயிலில் காயப்போட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பையன்களில் இரண்டு பேருக்கு நல்ல கால்.

பயிற்சி விவரம் எழுதத்தான் இந்த டைரி. ஆனாலும் நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன். என் மனைவி வடிவு மைதானத்தில் விழுந்துவிட்டாள்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியிலேயே ஒரு டாக்டர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஆஸ்துமா என்றார். எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. கிளை நூலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான். பதினேழு வருடமாகப் பையன்களை ஓடவிடுகிறேன். முதல் வாரம் எல்லோரும் மூச்சு முட்டுகிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் ஏப்ரலிலிருந்து தினமும் காலையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நடக்கவிட்டேன்.

நேற்று இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டாள். "அத்தான், நெஞ்சை என்னமோ அடைக்கி. செத்த உக்காந்துக்கிடுதேன்."

"இன்னும் ஒரு ரவுண்டுதான். உக்காந்து உக்காந்துதான் இப்படி ஆயிட்டு. சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு இல்லையா?" என்றேன். பையன்கள் நாலைந்து பேர் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவது சுற்றில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தாள். அரை நிமிடத்தில் கண் விழித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 16, வெள்ளி

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நான் மட்டும் லீவு சொல்லிவிட்டுக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பெயர் ரெஜினா. ஐம்பது வயது இருக்கும். எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு வடிவிடமே பேசினார். "கையில பட்டை கட்டிப் பாக்குற பிரஷர் உங்களுக்கு நார்மல்தாம்மா. இது வேற பிரஷர். இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிக் கெட்டியாயிருக்கு. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் வீங்கிக் களைச்சுப்போச்சு."

"நடக்காததுனால வந்ததா டாக்டர்?" என்று வடிவு கேட்டாள்.

"இல்லவே இல்ல. சொல்லப்போனா இந்த நிலைமையில மூச்சு முட்ட முட்ட நடந்ததுதான் ஆபத்து. யாரு நடக்கச் சொன்னா?"

வடிவு ஜன்னலைப் பார்த்தாள்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று வராந்தாவில் ஒரு சோதனை. தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். 262 மீட்டர். என் பையன்கள் அதே நேரத்தில் ஐந்து மடங்கு ஓடிவிடுவார்கள். இடையில் அவள் சுவரைப் பிடித்து நின்றபோது, "ம், அப்படித்தான், வா" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க எதுவும் சொல்லக் கூடாது. அவங்க வேகத்துல நடக்கட்டும்."

ஜூன் 20, செவ்வாய்

இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். வடிவு வார்டில் படுத்திருந்தாள். டாக்டர் என்னை அறைக்கு அழைத்தார்.

மாத்திரை இரண்டு. இரண்டும் தினம் ஒன்று. "முன்னால ஒண்ணைக் குடுத்துப் பாப்போம், போதலைன்னா அடுத்ததைச் சேப்போம். இப்ப அப்படிச் செய்யிறதில்ல சார். ரெண்டும் வேற வேற வழியில குழாயைத் தளர்த்துது. ஆரம்பத்துலேயே சேர்த்துக் குடுத்தாத்தான் இவங்களுக்கு நல்லது. ஒண்ணு மட்டும்னா பாதி வேலைதான்."

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "ரெண்டாவது மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது. பிள்ளைக்கு ஊனம் வரும். அது ஒருபக்கம். மாத்திரையே இல்லைன்னாலும் இந்த வியாதியோட பிள்ளை சுமக்கக் கூடாது. அவங்க உயிருக்கே ஆபத்து. உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"இல்ல டாக்டர். ஒம்பது வருஷம் ஆகுது."

"நான் அவங்ககிட்ட சொல்லிடுறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாம் டாக்டர், பயந்துருவா. நானே பக்குவமா சொல்லிக்கிடுதேன்" என்றேன். மருந்துக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜூன் 22, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் மாத்திரையை உள்ளூர்க் கடையில் வாங்கலாம் என்று போனேன். கடைக்காரர் பெயரைப் படித்துவிட்டு, சீட்டில் வடிவின் பெயரையும் படித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். ஆண்கள் வேறு காரணத்துக்கு வாங்கும் மாத்திரையாம். இனி மதுரையிலேயே வாங்கிக்கொள்வேன்.

இரண்டாவது மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம் என்று செல்போனில் படித்தேன். பயிற்சியிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற மாட்டோம். ஒன்று பழகட்டும், பிறகு மற்றது. மதுரையில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையைப் பள்ளி விளையாட்டு அறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டவணையில் தினம் இரண்டு கட்டம். இரண்டிலும் டிக் போட்டேன். பழைய இரும்புச்சத்து மாத்திரையும் அவள் போடுவதால், இரண்டு என்றால் அதையும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜூன் 23, வெள்ளி

டிக், டிக்.

ஜூலை 9, ஞாயிறு

தலைவலி இருக்கிறது, முகம் சிவக்கிறது, மற்றபடி தேவலை. நூலகத்துக்கு மறுபடி போகிறாள். மேல்தட்டுப் புத்தகங்களை யாராவது வாசகர் எடுத்துக் கொடுக்கிறார்களாம். வெட்கமாக இருக்கிறது என்றாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "அத்தான், நான் கொஞ்சம் தேறிட்டேம்லா. பிள்ளைக்குப் பாத்த திருநெல்வேலி டாக்டரம்மாகிட்ட மறுபடி போவோமா? வயசு முப்பத்தி நாலு ஆகுது."

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

பக்குவமாகச் சொல்ல இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

மதுரை. 270 மீட்டர். எட்டு மீட்டர்தான் கூடியிருக்கிறது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் தவறாம சாப்பிடுறாங்களா?"

"ஆமா டாக்டர்." அட்டவணையை நீட்டினேன்.

"இந்த மாத்திரைக்கு வர்ற கால் வீக்கம்கூட வரலையே. நல்லதுதான். மத்த விஷயத்துலயும் கவனமா இருக்கீங்கல்ல?"

"இருக்கோம்."

வடிவு என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும், "என்ன விஷயம் அத்தான்?" என்றாள். உப்பைச் சொல்கிறார் என்றேன். அன்றிலிருந்து குழம்பில் உப்பே போடுவதில்லை. தானும் சாப்பிடுகிறாள், எனக்கும் அதையே ஊற்றுகிறாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சங்கரன்கோவிலிலிருந்து என் அக்கா கோமதி வந்திருந்தாள். வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சியில களை வந்துட்டு. இந்தத் தடவை பாரு, நல்ல சேதி வரும்" என்றாள். வடிவு சிரித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

266. குறைந்திருக்கிறது.

டாக்டர் தன்மேலேயே சந்தேகப்படுகிறார். "ரெண்டு மருந்துக்கும் அசையலைன்னா மூணாவது போகணும். தோலுக்கு அடியில ஊசி இருந்துகிட்டே இருக்கும். இடுப்புல சின்ன மெஷின், இருபத்திநாலு மணி நேரமும் மருந்து இறங்கும். அடுத்த மாசம் பாத்துட்டு முடிவு செய்வோம்."

பஸ்ஸில் வடிவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மெஷின் வச்சா சேலை கட்ட முடியுமா அத்தான்?"

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஈரலைப் பற்றி இங்கே நான் எழுதியது முழு உண்மை இல்லை. மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள். ஈரல் நன்றாக இருக்கிறது. அது எனக்குப் போன மாதமே தெரியும்.

அந்த மாத்திரையை அவள் வாயில் போட்டால் அன்றோடு பிள்ளை ஆசையெல்லாம் முடிந்தது என்று தோன்றியது. ஒரு மாத்திரையிலேயே அவள் தேறிவிட்டால், டாக்டர் சொன்னதெல்லாம் தேறாதவர்களுக்குத்தான் என்று ஆகிவிடும். அப்படித்தான் நினைத்தேன். அலமாரியில் அட்டைகள் பிரிக்காமல் இருக்கின்றன.

நாளை சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மண்டல ஆக்கிப் போட்டிக்கு அணித் தேர்வு. வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் வடிவு குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. இரண்டு கோடு.

"நாள் தள்ளிப்போச்சுன்னு மாத்திரை சூட்டுனால இருக்கும்னு நெனச்சேன் அத்தான். நேத்துதான் வாங்கிட்டு வந்தேன். பாருங்களேன், ரெண்டு கோடுதான? எனக்கு மட்டும் அப்படித் தெரியுதா?"

"ரெண்டுதான்" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பிலேயே மூச்சு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, மறுபடி சிரித்தாள். "ஒம்பது வருஷம் அத்தான்!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஒரு நிமிடம், அல்லது அதற்கும் கொஞ்சம் கூட, சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. பிறகு அவள் உதட்டைப் பார்த்தேன்.

பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் பால் இருந்தது.

செப்டம்பர் 11, திங்கள்

சொல்லவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் தலை சீவ உட்கார்ந்தாள். கையைத் தூக்கிச் சீப்பை வைத்தவள், அப்படியே இறக்கிவிட்டு வாயைத் திறந்து மூச்சு இழுத்தாள். உட்கார்ந்த இடத்தில். நடக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "வாயும் வயிறுமா இருந்தா இப்படித்தான் இருக்குமாம்லா" என்றாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

பள்ளிக்குக் கிளம்பியவன் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டியில் ஏறிவிட்டேன். டாக்டர் அறைக்கு வெளியே பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் நின்றபடியே சொன்னேன். முதலில் கர்ப்பம். பிறகு மாத்திரை.

"எத்தனை நாளா குடுக்கலை?"

"ஒரு நாள்கூடக் குடுக்கலை டாக்டர்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மெஷின் வைக்கிற வரைக்கும் போயிருப்பேனே சார். மருந்து வேலை செய்யலைன்னு நெனச்சுக்கிட்டு."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. தாமதிக்கக் கூடாது. கருவைக் கலைச்சுடுறதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு."

"நானே அவகிட்ட சொல்லி..."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "நானும் சரின்னு விட்டிருக்கக் கூடாது. அவங்க உடம்பு, அவங்ககிட்டதான் பேசியிருக்கணும். இந்தத் தடவை நான் சொல்றேன். மாத்திரை விஷயத்தை மட்டும் நீங்க உங்க வாயால சொல்லுங்க."

செப்டம்பர் 13, புதன்

ஸ்கேன் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். கரும்பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். வயிறு வளர வளர ரத்தம் பெருகும், இந்த இதயம் அதைத் தாங்காது. பிரசவத்திலும் அதற்குப் பிறகான நாட்களிலும் பலர் பிழைப்பதில்லை. சொல்லி முடித்ததும் வடிவு, "பிள்ளை இப்ப எந்தளவு இருக்கும் டாக்டர்?" என்றாள்.

"ஒரு உளுந்து அளவும்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "வடிவு, ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணைத்தான் உனக்குக் குடுத்தேன். இன்னொண்ணை நான் எடுத்து வச்சுக்கிட்டேன். பிள்ளை கூடாதுன்னு அன்னைக்கே சொன்னாங்க. அதையும் சொல்லலை."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரிடம் கேட்டாள். "அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தா நான் இதுக்குள்ள நல்லா நடந்திருப்பேனா?"

"அநேகமா."

"எனக்கு ஒரு நாள் வேணும் டாக்டர். இங்கேயே இருக்கேன். இவங்க ஊருக்குப் போகட்டும்."

போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்தேன். மாலையில் வார்டுக்குப் போனபோது, பட்டுச்சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி அங்கியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். சண்முகவடிவு என்று முழுப் பெயரையும்.

பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வேண்டியதற்கு மட்டும் பேசுகிறாள். மாத்திரை அட்டைகள் இரண்டும் அவள் கைப்பையில். விளையாட்டு அறை அலமாரியில் இருந்தவற்றையும் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இன்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தப்புதான் வடிவு, என்றேன். அதற்குமேல் தயாரித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

மடித்துக்கொண்டே பேசினாள். "சோம்பேறின்னு சொன்னீங்க. மூணு ரவுண்டு நடந்தேன். உப்புன்னு சொன்னீங்க. உப்பை விட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்." கடைசிச் சட்டையை அடுக்கில் வைத்தாள். "எனக்கு மட்டும் பிள்ளை ஆசை இல்லையா அத்தான்? என்கிட்ட வந்து, இப்படி ஒரு மாத்திரை இருக்கு, சாப்பிட்டா பிள்ளை கிடையாது, என்ன செய்வோம்னு கேட்டிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. செத்தாலும் பரவாயில்லைன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. அதைச் சொல்லுதுக்காவது என்னைய விட்டிருக்கலாம். கேக்கவே இல்லையே."

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

கால் வீங்குகிறது. இரண்டாவது மாத்திரை வேலையைத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் போனில் சொன்னாராம். நீர் பிரிய மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் அவள் நூலகத் தோழி ஜெயசீலியிடம் சொல்லும்போது எனக்குக் காதில் விழுந்தது.

அக்டோபர் 20, வெள்ளி

ஜெயசீலியோடு மதுரைக்குப் போய்வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். "முன்னூத்தி நாலு" என்றாள்.

பையன்கள் போட்டியில் தோற்றுவிட்டார்கள். யாரையும் திட்டவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

கோமதி அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்தது. "என்னடே, வடிவுக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையா? வேற டாக்டரைப் பாக்கக் கூடாதா? அவளுக்கு என்னதான் குறையாம்?"

வடிவு அரிசி முறத்தோடு நின்றுவிட்டாள்.

ஸ்பீக்கரை அணைக்காமலே சொன்னேன். "அவகிட்ட ஒரு குறையும் இல்லக்கா. அவ நெஞ்சுக்கு வந்த வியாதிக்குப் பிள்ளை பெறக் கூடாது. நாந்தான் மறைச்சேன். மருந்தையும் மறைச்சேன். உண்டாகி, கலைச்சாச்சு. இனிமே யாரும் அவகிட்ட அதைக் கேக்கக் கூடாது."

மறுமுனையில் அக்கா அழ ஆரம்பித்தாள். வடிவு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போனை என்னிடமிருந்து வாங்கி, அக்காவைத் தேற்றினாள்.

டிசம்பர் 15, வெள்ளி

கூட வரலாமா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு வரலாம் என்றாள். 341 மீட்டர், சுவரைப் பிடிக்கவில்லை.

டாக்டர் அறைக் கதவருகே, "நான் உள்ள வரட்டுமா?" என்றேன்.

யோசித்தாள். "இன்னைக்கு வேண்டாம் அத்தான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தாள். மருந்தில் மாற்றமில்லை. மெஷின் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் மாத்திரை கிடைக்காத அந்த மூன்று மாதத்தில் இதயம் கொஞ்சம் கூடுதலாக வீங்கியிருக்கிறது, அது முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாதாம். கேட்டதும், டாக்டர் பேசும் அதே நிதானக் குரலில் சொன்னாள்.

2024, மே 10, வெள்ளி

கோடை விடுமுறை. இருவரும் வீட்டில் இருந்தோம்.

இன்றைய தேதி, பிரசவத் தேதி என்று, ஸ்கேன் சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. செப்டம்பரிலிருந்தே எனக்கு மனப்பாடம். காலையில் எழுந்தபோதே தெரியாததுபோல் நடந்துகொள்ள முடிவு செய்திருந்தேன். பேப்பர் படித்தேன். மோட்டார் போட்டேன். இரண்டு முறை கடைக்குப் போனேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வடிவு மொட்டைமாடிக்கு ஏறினாள். பதினெட்டுப் படி. நடுவில் ஒரு தடவை நின்றாள். நான் கீழேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து, "அத்தான்" என்று குரல் வந்தது. போனேன்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான வந்திருக்கும்?" என்றாள்.

"ஆமா."

அதுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கும் தேதி தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

"உங்களுக்கு என்னவா தோணுச்சு? பொண்ணா, பையனா?"

"பொண்ணு" என்றேன்.

"எனக்கும்" என்றாள்.

ஸ்கூட்டர் கழுவிய தண்ணீர் தெருவோரமாக ஓடிச் சாக்கடையில் விழும்வரை இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.